கீழ்ப் பஞ்சமத்தில் ஒரு கேள்வி

1. முதல் நாள்

ஏழாம் வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்விக்கு ஒரு பிள்ளைகூட பதில் சொல்லவில்லை.

வலங்கைமானுக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து போகவேண்டிய ஊர் அது. பெயரைச் சொல்லவில்லை. நான் எழுதப்போகும் தகராறில் இரண்டு பக்கமும் நின்றவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பள்ளிக்கூடம் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய எய்டட் நடுநிலைப் பள்ளி. எழுபதுகளின் தொடக்கம். சங்கீதத்தில் ஹையர் பரீட்சை தேறி, டீச்சர் டிரெயினிங்கும் முடித்து, ஒரு சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். பெயர் ஜெயராணி. ஊருக்கு நான் 'பாட்டு டீச்சர்'.

பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். எனக்கு முன்னால் இருந்த டீச்சர் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தார். மூன்று காலம், அதாவது மூன்று வேகத்திலும் பாடினார்கள். தாளம் பிசகவில்லை. கண்ணை மூடிக் கேட்டால் ஒரே ஆள் பாடுவதுபோல இருந்தது. எனக்கு அதுதான் இடித்தது.

"ரொம்ப நல்லா இருக்கு. இப்ப ஒவ்வொருத்தரா, நீங்களா ஒரு வரி பாடுங்க. ச-வுல ஆரம்பிச்சு எங்க வேணாலும் போங்க. திரும்பி ச-வுக்கு வந்துடுங்க" என்றேன்.

சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தார்கள். வடக்குத் தெருப் பிள்ளைகள் ஜன்னல் பக்கமும் காலனிப் பிள்ளைகள் சுவர் பக்கமும் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தன.

கடைசியில் சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய இரட்டைச் சடை.

"டீச்சர், எது சரின்னு நீங்க பாடிக் காட்டிடுங்க. நாங்க அதையே பாடிடுறோம்."

"நான் பாடினா அது என்னோடதுல்ல? உன்னோடது எங்க?"

"என்னோடது தப்பா போச்சுன்னா?"

அவள் பெயர் தமிழ்ச்செல்வி. தகப்பனார் காளியப்பன், அந்த ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2. பாட்டில் அட்டெண்டன்ஸ்

கற்பனை ஸ்வரம் என்பதை வழக்கமாகப் பல வருஷப் பாடத்துக்குப் பிறகுதான் தொடுவார்கள். வரிசை, கீதம், வர்ணம், கீர்த்தனை எல்லாம் ஏறி முடித்த பிறகு, 'இனி நீயாகப் பாடு' என்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். பரீட்சையில் 'நாலு ஆவர்த்தனம் ஸ்வரம் பாடும்மா' என்று கேட்டபோது, வீட்டில் நெட்டுருப் போட்டு வைத்திருந்த ஸ்வரங்களைத்தான் பாடினேன். தேறிவிட்டேன். ஆனால் பாடி முடித்து வெளியே வந்தபோது, நான் ஒன்றும் பாடவே இல்லை என்று தோன்றியது. பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில், வெட்கம் முழுதாக வருவதற்குள், இதைத் தொட வைத்துவிடவேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

எப்படித் தொடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வழி அட்டெண்டன்ஸில் கிடைத்தது.

அந்தச் சமயத்தில் பள்ளிகளில் 'பிரசன்ட் சார்' போய் 'உள்ளேன் ஐயா' வந்திருந்தது. எனக்கு 'உள்ளேன் டீச்சர்'. ஒருநாள் பெயர் கூப்பிடும்போது அந்தப் பெயரை ச, ரி, க மூன்றே ஸ்வரத்தில் பாடிக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, அதே மெட்டில் 'உள்ளேன்' என்று பாடியது. அடுத்த பெயருக்கு முன்னால் ஒரு விதி போட்டேன்.

"முன்னாடி பாடினவங்க மாதிரியே பாடக்கூடாது. மூணு ஸ்வரம்தான். எப்படி வேணாலும் பின்னிக்குங்க. இந்த ரூமுக்குள்ள தப்புங்கிற வார்த்தையே கிடையாது."

மூன்று ஸ்வரத்தில் யாருக்கும் பயம் வருவதில்லை. ரி-யில் தொங்கி நின்ற பிள்ளை, க-வைத் தொட்டுவிட்டு ஓடி வந்த பிள்ளை, ஒரே ச-வில் 'உள்ளேன்' என்று மொட்டையாக நிறுத்திய குறும்புக்காரன், எல்லாரும் அவரவர் குரலில் வகுப்புக்குள் வந்தார்கள். ஆவணி பிறப்பதற்குள் மோகனத்தின் ஐந்து ஸ்வரமும் கைக்கு வந்துவிட்டது. ச, ரி, க, ப, த.

அதற்குப் பிறகு கேள்வி பதில். ஒருவர் ஆதி தாளத்துக்குள் ஒரு வரி பாடிவிட்டு ச-வுக்கு வராமல் வேறெங்காவது நிறுத்தவேண்டும். அது கேள்வி. அடுத்தவர் அதே ஸ்வரத்தில் எடுத்து, சுற்றிவிட்டு ச-வில் வந்து இறங்கவேண்டும். அது பதில். நிறுத்திய இடத்தைக் காதில் வாங்காவிட்டால் பதில் சொல்ல முடியாது. ஜன்னல் பக்கத்துப் பிள்ளை ஒன்று, சுவர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி வட்டமாக நிற்க வைத்தேன்.

தமிழ்ச்செல்வி கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. குரல் ஓலைப்பீப்பி மாதிரி மேலே போகும். மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ச-வில், கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு 'இப்பப் பாடு' என்பதுபோல நிற்பாள். அங்கிருந்து எடுக்க எல்லாராலும் முடியாது. முடிந்த ஒரே பையன் ராஜகோபால்.

ஹெட்மாஸ்டர் அந்தோணிசாமி சார் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுக்கவே முக்கா பீரியடா? சிலபஸ்ல நாலு கீதம் போட்டிருக்கான். ஒண்ணுதான் ஆயிருக்கு. உங்க போஸ்டு இன்னும் அப்ரூவ் ஆகலங்கிறத ஞாபகம் வச்சுக்குங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா நான் என்னத்தைச் சொல்றது?"

"கீதமும் முடிச்சுடுறேன் சார்."

"முடிங்க. ஆனா அந்தக் கடைசிப் பையன் 'உள்ளேன்'னு பாடுறானே, அது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. ராஜகோபாலின் தொண்டை

ராஜகோபால் வடக்குத் தெரு மிராசுதார் ராமலிங்கத்தின் மகன். வகுப்பிலேயே நல்ல குரல் அவனுக்குத்தான். அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை. வெள்ளைச் சட்டை ஒருநாளும் கசங்காது. ஆனால் அகம்பாவம் கிடையாது.

புரட்டாசியில் அவன் குரல் உடைந்தது. ஒரு நாள் காலை 'உள்ளேன்' பாடும்போது நடுவில் இரண்டாகப் பிளந்தது. வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். மறுநாளும் பிளந்தது. "தவக்கள" என்று யாரோ சொன்னார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவன் பாடவில்லை. பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினான்.

ஆண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் குரல் உடைவது இயற்கை. டிரெயினிங்கில் எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: கட்டாயப்படுத்தாதே, ஓய்வு கொடு. அதைத்தான் செய்தேன். வெந்நீர் குடிக்கச் சொன்னேன், மெல்ல முனகிப் பழகச் சொன்னேன். அவன் தலையாட்டுவான். ஆனால் முகத்தில் ஒரு நிழல் விழுந்துவிட்டது. நேற்றுவரை கேட்ட இடத்துக்கெல்லாம் ஓடிய குரல், இன்று எங்கே கால் வைத்தாலும் வழுக்கினால் எப்படி இருக்கும்? கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்த வாரம் அவன் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். ராமலிங்கம் சங்கீதம் கேட்கிறவர். திருவையாறு, கும்பகோணம் என்று கச்சேரிக்குப் போய்வருவார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, சுருதிப் பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"டீச்சரம்மா, பையன் பாட்டு படிக்கட்டும். வேணாங்கல. அவன மட்டும் தனியா உக்கார வச்சு சொல்லிக் குடுத்தா தேவல."

"தனியா உக்காந்தா, அவனுக்குக் கேள்வி யாருங்க கேக்கிறது?"

அவர் சிரித்தார். "ஊர்ல இப்ப எல்லாரும் கேள்விதான் கேக்குறாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. அறுப்பு நெருங்குது. கூலி விஷயம் முடியல. வெளியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, புள்ளைங்களுக்குள்ள அது வர வேணாம்னு பாக்குறேன்."

"வந்துடுச்சுன்னா நான் பாத்துக்குறேங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவர் மறுபடி வற்புறுத்தாமல் போய்விட்டார்.

4. அறுப்பு

குறுவை முற்றிச் சாய்ந்து கிடந்தது. மேற்கே தினமும் கறுத்தது. சங்கம் கேட்ட கூலி நெல்லை மிராசுதார்கள் தர மறுத்தார்கள். தராமல் அரிவாளைத் தொட மாட்டோம் என்று காலனி உட்கார்ந்துவிட்டது. மழை இறங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம் என்று இரண்டு பக்கமும் தெரிந்தே உட்கார்ந்திருந்தன. ஒரு நாள் வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களை இறக்கினார்கள். காலனிப் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்று மறித்தார்கள். கல் பறந்தது. யாருடைய கல் முதலில் என்பதற்கு அந்த ஊரில் இன்றைக்கும் இரண்டு பதில் உண்டு.

மறுநாள் ரிசர்வ் போலீஸ் வந்தது. தங்க இடம் பள்ளிக்கூடம். என் பாட்டு ரூமையும் பக்கத்து ரூமையும் எடுத்துக்கொண்டார்கள். கரும்பலகைக்குக் கீழே துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்தார்கள். நான் சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சாமியார்களின் கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால் கரைப் புங்க மரத்தடிக்கு வகுப்பை மாற்றினேன்.

அதற்கு அடுத்த நாள் விடிகாலையில் காலனிக்குள் வேன் போனது. சங்கத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காளியப்பனும் அதில் போனார். புகாரில் பெயர்களைக் கொடுத்தது ராமலிங்கம் என்று பொழுது விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அன்று காலனியிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. நான் பெயர்களைக் கூப்பிட்டேன். 'தமிழ்ச்செல்வி' என்று பாடினேன். பதில் வரவேண்டிய இடத்தில் தாளத்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். இப்படிப் பாதிப் பெயர்களுக்கு வெறும் தாளம் போட்டேன். வந்திருந்த பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து போட்டார்கள். ராஜகோபால் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் டி.ஐ. வர்றார். கூடவே சங்கீதத்துக்கு ஒரு ஸ்பெஷல் ஆபீசர். ஊர் நெலமையச் சொல்லித் தள்ளிப் போடக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. பாதி வகுப்பு இல்லாம எப்படிம்மா காட்டுவீங்க? பாட்டுக்குப் போஸ்டே தேவையில்லன்னு எழுதிட்டுப் போயிட்டாங்கன்னா?"

5. காலனியில்

மறுநாள் சாயங்காலம் நான் காலனிக்குப் போனேன். வேலைக்காகப் போனேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. ஆனால் அந்த வெறும் தாளம் இரண்டு நாளாகக் காதில் நின்றுகொண்டிருந்ததும் நிஜம்.

தமிழ்ச்செல்வியின் அம்மா பாக்கியம் வாசலில் விறகைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பாயை உதறிப் போட்டார்.

"வாங்க டீச்சர். உக்காருங்க. காப்பித்தூள் இல்ல, மோர் தரவா?"

"ஒண்ணும் வேணாங்க. செல்வி எப்படி இருக்கா?"

"இருக்கா. படிப்ப நிறுத்தணும்னு எனக்கு எண்ணமில்லீங்க டீச்சர். ஆனா பள்ளிக்கூடத்துக்குள்ளயே போலீசு உக்காந்திருக்கு. அவ அப்பாவப் புடிச்சிட்டுப் போனவங்க முன்னாடி, இவ பையத் தூக்கிட்டு எப்படிப் போவா? அப்புறம் அந்த வீட்டுப் புள்ளையும் அங்கதான் உக்காந்திருக்கும்."

உள்ளேயிருந்து தமிழ்ச்செல்வி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். சடை பின்னவில்லை.

"டீச்சர், வெள்ளிக்கிழம இன்ஸ்பெக்டர் வர்றாராமே?"

"ஆமா."

"நாங்க வரலன்னா உங்க வேலை போயிடுமா?"

"அது என் கவலை. அதுக்காக நீ வர வேணாம். நான் உன்னப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் கொஞ்சநேரம் கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"வீட்லயே இருந்தா அழுவாச்சியா வருது. அங்க வந்தா பாடிக்கிட்டாவது இருக்கலாம்" என்றாள்.

பாக்கியம் மகளைப் பார்த்தார். "போறியாடி?"

"போறேன்மா."

"போறதுன்னா தலைய வாரிக்கிட்டுப் போ. போலீசப் பாத்தா குனியாத" என்றார் பாக்கியம். அவ்வளவுதான். மறுநாள் தமிழ்ச்செல்வி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். போலீஸ் இருந்த ரூமைத் தாண்டும்போது யாரும் குனியவில்லை.

மரத்தடியில் இரண்டு பக்கமாக உட்கார்ந்தார்கள். நடுவில் விட்டிருந்த இடம் முன்னைவிட அகலமாக இருந்தது. ராஜகோபாலும் தமிழ்ச்செல்வியும் ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

6. இன்ஸ்பெக்‌ஷன்

ஸ்பெஷல் ஆபீசர் வயதானவர். ஜிப்பா, தடித்த கண்ணாடி. கோயிலிலிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து மரத்தடியில் போட்டோம். டி.ஐ. வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். தூறல் போட்டு விட்டிருந்தது.

வரிசை பாடினார்கள், அலங்காரம் பாடினார்கள், கீதம் பாடினார்கள். ஆபீசர் தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். பிறகு, "ஏதோ கேள்வி பதில்னு நடத்துறீங்களாமே. சின்னப் பிள்ளைங்களுக்கு மனோதர்மம், சொந்தக் கற்பனையெல்லாம் எதுக்கும்மா இப்பவே? சரி, பாப்போம். அந்தத் தம்பி பாடட்டும்" என்று கையை நீட்டினார். வெள்ளைச் சட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"சார், அவனுக்குக் குரல் உடைஞ்சிட்டிருக்கு. ரெஸ்டுல இருக்கான். வேற பிள்ளைய..."

"பரவாயில்ல. சும்மா ரெண்டு ஸ்வரம். எந்திரிப்பா."

ராஜகோபால் எழுந்தான். மத்திய ஸ்தாயியில், பழைய பழக்கத்தில், க-வில் எடுத்தான். குரல் கீறிக்கொண்டு பிளந்தது. மறுபடி ப-வில் எடுத்தான். காற்றுதான் வந்தது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. உட்காரவும் இல்லை, பாடவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தான். டி.ஐ. மறுபடி வாட்சைப் பார்த்தார்.

அப்போது சுவர் இல்லாத அந்தச் சுவர்ப் பக்கத்திலிருந்து தமிழ்ச்செல்வி எழுந்தாள்.

"டீச்சர், நான் கேள்வி கேக்கவா?"

அவள் எங்கே கொண்டுபோய் நிறுத்துவாள் என்று எனக்குத் தெரியும். மேல் ஷட்ஜம். அங்கே நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றால், அவன் வகுப்பு முன்னால், ஆபீசர்கள் முன்னால், அங்கேயே உடைந்து போவான். அப்படிச் செய்ய அந்த வாரம் அவளுக்கு நியாயம் இருந்தது. சரி என்று தலையை ஆட்டினேன்.

அவள் தாளத்தை எடுத்தாள். க-வில் ஆரம்பித்தாள். ரி, ச, ரி என்று ஒரு சுற்றுச் சுற்றி, மேலே போகாமல் ச-வுக்கும் கீழே இறங்கினாள். கீழ் த, தைவதம். அதற்கும் கீழே, மந்தர ஸ்தாயிப் பஞ்சமம், கீழ் ப. அவள் குரலுக்கு அது எட்டாத இடம். சத்தம் பாதி, மூச்சு பாதி. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த ப-வைப் பிடித்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு முதல் தடவையாக அவனைப் பார்த்தாள்.

ராஜகோபால் தலை நிமிர்ந்தான். அந்த ப-வை எடுத்தான். பிளக்கவில்லை. ஊன்றி நின்றது. கனமான, கொஞ்சம் கரகரப்பான, எங்கள் வகுப்பில் அதுவரை யாரும் கேட்காத ஓர் ஆண் குரல். ப, த, ச என்று ஏறி, த-வைத் தொட்டுத் திரும்பி, ச-வில் வந்து இறங்கினான். அவனுக்கே அது யார் குரல் என்று புரியவில்லை. கண் அகன்றுவிட்டது.

அவள் விடவில்லை. அடுத்த கேள்வியைக் கீழ் தைவதத்தில் நிறுத்தினாள். அவன் எடுத்தான். அதற்கடுத்தது ரி-யில். எடுத்தான். ரி-க்கு மேலே அவனை அவள் ஒருபோதும் கூட்டிக்கொண்டு போகவில்லை. மற்றப் பிள்ளைகள் தாமாகவே தாளம் போட ஆரம்பித்தார்கள். என் கை எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை. கடைசியில் இருவரும் ஒரே ச-வில் வந்து நின்றபோது, மெல்லிய குரலும் தடித்த குரலும் சுருதிப் பெட்டியோடு அப்படியே ஒட்டிக்கொண்டன.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கீழ போய் நிறுத்தணும்னு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல சார்" என்றாள் தமிழ்ச்செல்வி. உட்கார்ந்துகொண்டாள்.

போகும்போது அவர் என்னிடம், "சிலபஸையும் முடிங்கம்மா" என்றார். சற்று நின்று, "இதையும் விட்டுடாதீங்க" என்றார். போஸ்ட் அப்ரூவ் ஆகிவிட்டது.

பள்ளி விட்ட பிறகு நான் தமிழ்ச்செல்வியை நிறுத்திவைத்துக் கேட்டேன்.

"ஏன் அங்க போயி நிறுத்தின? உனக்கு அது வராதே."

"அவனுக்கு மேல வராது டீச்சர். கீழ வரும். ஆத்தங்கரையில அவன் அவங்க வீட்டு மாட்டைக் கூப்பிடுறப்பக் கேட்டிருக்கேன்."

"அவன்மேல கோவம் இல்லையா உனக்கு?"

"இருக்கு." உடனே வந்தது பதில். பிறகு சடை நுனியைத் திருகிக்கொண்டு யோசித்தாள். "கோவம் இருந்தாலும், கேள்வின்னா பதில் சொல்ற மாதிரிதானே டீச்சர் கேக்கணும். ஸ்டேஷன்ல எங்கப்பாவக் கேட்ட மாதிரி கேக்கக்கூடாதுல்ல."

அவளை அனுப்பிவிட்டு நான் சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

7. பிறகு

தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்து கூலி முடிவானது. அதற்குள் மழை இறங்கி, சாய்ந்து கிடந்த கதிர் பாதி முளைத்துவிட்டது. மிஞ்சியதை அறுத்தார்கள். போலீஸ் போய்விட்டது. எங்கள் ரூமைக் கழுவிவிட்டுத் திரும்பக் குடியேறினோம்.

காளியப்பன் ஜாமீனில் வந்த அன்று, மகளைக் கூட்டிப் போகப் பள்ளிக்கு வந்தார். மெலிந்து, தாடி வளர்ந்திருந்தது. வகுப்பு முடியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். பிள்ளைகள் கேள்வி பதில் பாடிக்கொண்டிருந்தார்கள். ராஜகோபாலின் முறையும் வந்து போயிற்று. மணி அடித்ததும் வெளியே வந்தேன்.

"அந்தக் கட்டக் குரலு யாருது டீச்சர்?"

"ராமலிங்கம் சார் பையன்."

அவர் முகம் இறுகியது. பிறகு, "நல்லாத்தான் பாடுறான். நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டார்.

"ஸ்வரம் நான் சொல்லிக் குடுத்தேங்க. அந்தக் குரலைக் கண்டுபிடிச்சது உங்க பொண்ணு."

பையை மாட்டிக்கொண்டு வந்த மகளைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

"நான் கேட்டேன்ப்பா. அவன் பதில் சொன்னான். அவ்ளோதான்" என்றாள் அவள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். அந்தக் கையை எடுக்காமலே நடந்து போனார்.

அந்த இரண்டு பிள்ளைகளும் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. வகுப்புக்கு வெளியே அவர்கள் பேசி நான் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பின் கடைசி நாளன்று ராஜகோபால் மட்டும் என்னிடம் வந்து நின்றான்.

"டீச்சர், தமிழ்ச்செல்விகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"போய்ச் சொல்லு. இன்னும் போகல அவ."

"என்ன சொல்றதுன்னு தெரியல."

"தெரிஞ்சதும் சொல்லு."

சொன்னானா என்று எனக்குத் தெரியாது. அவன் கும்பகோணத்தில் படித்து பாங்க் வேலைக்குப் போனான். அவள் நர்ஸ் டிரெயினிங் முடித்துத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தாள். இருவரும் பாடகர் ஆகவில்லை. என்னிடம் படித்த யாருமே ஆகவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

இப்போது பாட்டு டீச்சராக வேலைக்குச் சேர்கிறவர்கள் சிலர் என்னைப் பார்க்க வருகிறார்கள். கற்பனை ஸ்வரத்தைச் சின்ன வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்கிறார்கள். மூன்று ஸ்வரத்தில் தொடங்குங்கள், குரல் உடைந்த பையனைச் சும்மா உட்கார வைக்காமல் கீழே தேட விடுங்கள் என்று சொல்வேன். இவையெல்லாம் அனுபவத்தில் யாருக்கும் வந்துவிடும். நான் அந்த வருஷத்தில் படித்த பாடம் வேறு. அதுவரை பதில் சொன்ன பிள்ளைக்குத்தான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷத்திலிருந்து கேள்வி கேட்ட பிள்ளைக்கும் போட ஆரம்பித்தேன். பாதி மார்க் பதிலுக்கு, பாதி மார்க் கேள்விக்கு. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை பாட முடியாமல் திணறி நின்றால், அதன் தொண்டையைச் சோதிப்பதற்கு முன்னால், அதற்கு முன் பாடிய பிள்ளை எந்த ஸ்வரத்தில் நிறுத்தியது என்று பாருங்கள்.